முந்திக்கொண்டு வாங்கும் டைவர்ஸ் யாருக்கும் முடிவு தராது

அமெரிக்காவில் வாழும் நம்ம ஊர்க் குடும்பங்களில் விவாகரத்து இப்போது அபூர்வம் இல்லை. அதைப் பற்றிப் பேசுவது மட்டும் இன்னும் ரகசியம்தான். பொங்கல் விழாவுக்குத் தனியாக வந்தவரிடம் "வீட்ல வரலையா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுகிறோம். அதனால் சட்டச் சந்தேகம் எல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு, நெருங்கிய நண்பர்களின் போனுக்குத்தான் வருகிறது.

நான் வக்கீல் இல்லை. நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆனால் அந்தப் போன்களில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்: "கேஸை எங்க போட்டா சீக்கிரம் முடியும்? இங்கயா, இந்தியாவிலயா?"

இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு ஓட்டப்பந்தயம் இருக்கிறது. யார் முதலில் கோர்ட்டுக்குப் போகிறார்களோ அவர்களுக்கே வெற்றி என்று நம்ம ஆட்கள் நினைக்கிறார்கள். கணவர், "அம்மா வீட்ல ரெண்டு மாசம் இருந்துட்டு வா" என்று மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு இங்கே மனு போடுகிறார். அல்லது மனைவி, பிள்ளையின் கோடை லீவுக்கு என்று கோயம்புத்தூர் போய், அங்கிருந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். இரண்டு பேருக்கும் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். மற்றவரை ஒதுக்கிவிட்டு வாங்குகிற டைவர்ஸ் பெரும்பாலும் பாதி டைவர்ஸ்தான்.

ஏன் பாதி? திருப்பதியில் 1975-ல் திருமணம் செய்த ஒரு தம்பதியின் வழக்கைப் பாருங்கள். கணவர் அமெரிக்காவில் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கினார். பிறகு இன்னொரு திருமணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணம் என்று புகார் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-ல் வந்த தீர்ப்பு, அந்த அமெரிக்க உத்தரவு இந்தியாவில் செல்லாது என்றது.

வெளிநாட்டு விவாகரத்து எப்போது செல்லும் என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. சுருக்கமாக: எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிற காரணத்துக்காக விவாகரத்து கொடுத்திருக்க வேண்டும், எதிர்த்தரப்பு நிரந்தரமாக வாழும் இடத்தில் வழக்கு நடந்திருக்க வேண்டும், அல்லது அவர் தானாக வந்து வாதாடியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். ஈமெயிலில் சம்மன் அனுப்பி, ஆள் வராததால் ஒருதலையாக வாங்கிய உத்தரவு இதில் எதிலும் உட்காராது.

இன்னொரு சிக்கல், காரணம். நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் "ஒத்துப்போகவில்லை" என்று சொன்னாலே போதும். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணம் இல்லை. மீள முடியாத அளவு முறிந்த திருமணத்தை உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் ரத்து செய்யலாம் என்று 2023-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது உண்மை. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான், மதுரை குடும்ப நல நீதிமன்றத்துக்குக் கிடையாது. கிறிஸ்தவர், முஸ்லிம், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்குச் சட்டம் வேறு. அவரவர் சட்டத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விளைவு? இங்கே நீங்க சிங்கிள், அங்கே கல்யாணமானவர். ஊரில் மறுமணம் செய்தால் இருதார மண வழக்கு வரலாம். சொத்து வாரிசு விஷயத்திலும் பிரச்னை கிளம்பும்.

அடுத்து விசா. எச்-4-ல் இருப்பவருக்கு விவாகரத்து உத்தரவு இறுதியாகிற அன்றே அந்த விசா தகுதி முடிந்துவிடுகிறது. எச்-4 மூலம் கிடைத்த வேலை அனுமதியும் அதோடு போகும். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் துணையாகச் சேர்ந்திருந்தால், கார்டு வருவதற்கு முன் விவாகரத்து முடிந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். பத்து வருஷம் இங்கே குடும்பம் நடத்தியவர், ஒரு கையெழுத்தில் பிள்ளை வாழும் நாட்டில் இருக்கும் உரிமையையே இழக்கிறார். பேச்சுவார்த்தையில் உத்தரவு எப்போது இறுதியாக வேண்டும் என்பதும் ஒரு முக்கியமான அம்சம். அதற்குள் வேறு விசாவுக்கு மாற அவகாசம் கொடுப்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, குறைந்தபட்ச மரியாதை.

பணத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது யார் பெயரில் இருந்தாலும் பொதுவாகச் சரிபாதி. நியூ ஜெர்சியில் பாதி என்று கட்டாயம் இல்லை, நியாயமான பங்கு எது என்று கோர்ட் பார்க்கும். 401கே பணத்தைப் பிரிக்க விவாகரத்து உத்தரவு மட்டும் போதாது, அந்தத் திட்டத்துக்கென்று தனி நீதிமன்ற உத்தரவு வேண்டும். இந்தியாவிலோ கணவன் மனைவி சொத்தைப் பாதியாகப் பிரிக்கும் சட்டம் பொதுவாக இல்லை. ஜீவனாம்சமும், நிரந்தர ஜீவனாம்சமும்தான். கணவர் பெயரில் வேளச்சேரியில் இருக்கும் ஃபிளாட்டில் மனைவிக்குத் தானாகப் பாதி வராது. மனைவியின் சீர் நகை மட்டும் முழுக்க முழுக்க அவருடையது. அது யார் லாக்கரில் இருந்தாலும் சரி.

"அப்போ இந்தியாவுல போட்டா எனக்கு லாபம்தானே?" என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்றும் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்கச் சம்பளத்தை மறைத்துவிட்டு ஊர் வருமானத்தை மட்டும் காட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை. மறுபக்கம், அமெரிக்கக் கோர்ட்டின் பண உத்தரவை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. சிங்கப்பூர், பிரிட்டன் உத்தரவுகளுக்கு இருக்கும் அந்த வசதி அமெரிக்க உத்தரவுக்கு இல்லை. புதிதாக வழக்குப் போட வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம் பிள்ளைக்குத்தான். பெற்றோரில் ஒருவர் நாடு விட்டு நாடு கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அமெரிக்கக் கோர்ட் உத்தரவு இருந்தாலும் பிள்ளையின் நலனே முதன்மை, அந்த உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று மட்டுமே என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "அப்போ கூட்டிட்டுப் போயிட்டா போதும்" என்று யாரும் நினைக்க வேண்டாம். மற்றவரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தில் பிள்ளையை அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோவது, 1993 சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதாவது பிள்ளை ஒரு நாட்டில், அங்கே காலெடுத்து வைக்க முடியாத அப்பாவோ அம்மாவோ இன்னொரு நாட்டில். வருஷக்கணக்கில் வீடியோ காலில் வளரும் உறவு. இதில் யார் ஜெயித்தது?

சரி, என்னதான் வழி? பிரிவது என்று முடிவான பிறகு, இரண்டு பேரும் ஒரே நாட்டில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுவது. மீடியேட்டர் வைத்து, பணம், வீடு, நகை, விசா அவகாசம், பிள்ளையின் பள்ளிக்கூடம், தாத்தா பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போகும் நாட்கள் என்று எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தமாக எழுதுவது. இங்கே அதன்படி உத்தரவு வாங்குவதோடு, ஊரில் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனுவும் போட்டுவிடலாம். ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது மனுவுக்கு முன் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தகுந்த வழக்குகளில் கோர்ட் தளர்த்தலாம் என்று 2017-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. நேரில் போக முடியாதவர்களை பவர் ஆஃப் அட்டர்னி, வீடியோ வழியாக ஆஜராகப் பல கோர்ட்டுகள் அனுமதித்திருக்கின்றன. எது முதலில், எது அடுத்து என்பதை இரண்டு நாட்டு வக்கீல்களும் சேர்ந்து சொல்லட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா சொல்ல வேண்டாம்.

"அடிக்கிற ஆளோட எப்படி உட்கார்ந்து பேசறது?" என்று கேட்பீர்கள். பேசக் கூடாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 911-க்குக் கூப்பிடலாம், கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். கொடுமைக்கு ஆளான எச்-4 துணை தனியாக வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்ற படிவமே இருக்கிறது. நம்ம பெண்கள் பலருக்கு இது தெரியாது. விசா போய்விடும் என்ற பயத்திலேயே அடியைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே நம்ம தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பட்டிமன்றத்துக்கும் கலைநிகழ்ச்சிக்கும் மண்டபம் பிடிக்கிறோம். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை, குடும்பச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரையும் விசா வக்கீல் ஒருவரையும் கூப்பிட்டுப் பேச வையுங்கள். "நம்ம சங்கத்துல டைவர்ஸ் பத்திக் கூட்டமா?" என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சுளிக்கட்டும். அவர்களில் யாராவது ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, போனில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியம் இல்லை.