கிண்ணத்தைத் தேர்வது காதின் வேலை

தரம்சாலாவின் மெக்லியோட்கஞ்சிலும் தில்லியின் மஜ்னு கா டில்லாவிலும் விற்கப்படும் திபெத்தியப் பாடும் கிண்ணங்களைச் சுற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. அவை ஏழு உலோகங்களால் ஆனவை என்பது ஒன்று; ஒவ்வோர் அளவும் உடலின் ஒரு சக்கரத்துக்கு உரியது என்பது மற்றொன்று. இவற்றை நம்புவோர் கிண்ணத்தின் ஒலியைக் கேட்பதற்கு முன்பே அதை வாங்க முடிவுசெய்துவிடுகின்றனர்.

கைவினைக் கிண்ணத்தின் உலோகம் பெரும்பாலும் வெண்கலமே: செம்பு ஏறத்தாழ 78 விழுக்காடு, எஞ்சியது வெள்ளீயம். ஆதிச்சநல்லூர்க் கலங்களிலும் இத்தகைய உயர்வெள்ளீய வெண்கலத்தை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்துள்ளார். செஞ்சூட்டில் அடித்து உருவாக்கப்படுவதால் இவ்வுலோகம் நெடுநேரம் அதிர்கிறது.

அளவின் தாக்கமும் இயற்பியல் சார்ந்ததே. சுவரின் தடிப்புக் கூடினால் அதிர்வெண் உயரும்; விட்டம் கூடினால் தாழும். தடிப்பு மாறாமல் விட்டம் இரட்டிப்பானால் அதிர்வெண் ஏறத்தாழக் கால்பங்காகும். எனவே ஒரே விட்டமுள்ள இரு கிண்ணங்கள் வெவ்வேறு சுருதியில் ஒலிக்கக்கூடும். அளவை மட்டும் பார்த்துச் சுருதியைச் சொல்ல இயலாதபோது, சக்கரத்தை எவ்வாறு சொல்வது?

சிறு கிண்ணத்தை விரித்த உள்ளங்கையில் வைத்து, விரல்கள் சுவரைத் தொடாதவாறு மரக்கோலால் விளிம்பைச் சுற்ற வேண்டும். பெரிய கிண்ணத்துக்கு மெத்தையும் தோல் சுற்றிய கோலும் பொருத்தம். முதலில் மெல்லத் தட்டி, பிறகு சீரான அழுத்தத்துடன் சுற்றுவது நன்று. கோல் கடகடத்தால் வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைச் சற்றே கூட்டலாம். ஈரவிரல் கண்ணாடிக் கோப்பையைப் பாடவைப்பதைப் போன்றே, ஒட்டியும் நழுவியும் செல்லும் உராய்வு இங்கும் செயல்படுகிறது.

தட்டிய பின் எழும் ஒலி ஏறி இறங்கி அலையும். கையால் அடித்த கிண்ணம் முழுச் சமச்சீர் உடையதன்று. அதனால் நெருங்கிய இரு அதிர்வெண்கள் கலந்து விம்மல்களை உண்டாக்குகின்றன. கேட்போரை ஈர்க்கும் அந்த அசைவு மந்திரமன்று, சுத்தியலின் தடம்.

இக்கிண்ணங்கள் பெரும்பாலும் நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் உருவாகின்றன. திபெத்திய வழிபாட்டில் டில்பு மணிக்கும் டிங்ஷா தாளத்துக்கும் உள்ள உறுதியான இடம் இவற்றுக்கு இருந்ததற்குச் சான்று அரிது. மேலையுலகில் இவற்றைப் பரப்பியதில் ஹென்றி வுல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் இருவரின் 1972 இசைத்தட்டுக்குப் பெரும்பங்குண்டு.

கதைகளை விலக்குவதால் கிண்ணத்தின் மதிப்புக் குறையாது. உலோகத்துக்கு உருவம் தந்த கைகளுக்கு உரிய பெருமையைப் பண்டைய மர்மத்துக்கு எழுதிவைப்பதே அநீதி. பல்கலைக்கழக வளாகங்களிலும் ‘ஒலிச் சிகிச்சை’ப் பட்டறைகள் இடம்பெறும் இக்காலத்தில், மாணவர் கேட்க வேண்டிய முதல் வினா ‘இது எந்தச் சக்கரம்?’ என்பதன்று, ‘இதைச் செய்தவர் யார், இது எப்படி ஒலிக்கிறது?’ என்பதே.