துபாஷிக்கு மூன்றாம் மொழி

துபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழி அறிந்தவர் என்று பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை வணிகரும் ஆவார். சரக்கின் பெயர், தரம், விலை யாவும் அவருக்கு அத்துப்படி. வணிகம் என்ற மூன்றாம் மொழியையும் அறிந்தவர் என்றே அவரைச் சொல்ல வேண்டும்.

அம்மூன்றாம் மொழியின் அருமை இன்று ஆல்ப்ஸ் மலையினுள் தெரிகிறது. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க அங்கே 57.5 கிலோமீட்டர் நீள ரயில் சுரங்கப்பாதை குடையப்பட்டு வருகிறது. இரு நாட்டுப் பொறியாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியாக வேண்டும். இரண்டும் இலத்தீனின் பிள்ளைகள்தாமே, இரண்டும் பேசத் தெரிந்த எவரும் போதாதா என்று தோன்றும். ஆபத்து அந்த ஒற்றுமையிலேயே இருக்கிறது. இத்தாலியில் 'கல்லெரியா' என்றால் பிரதான சுரங்கப்பாதை. பிரெஞ்சில் 'கலரி' என்றாலோ, பெரும்பாலும் அதன் பக்கத்தில் அமைக்கும் சிறு வழி. இத்தாலிய அறிக்கையில் 'கரே' என்பது ஒப்பந்தப் போட்டிகளைக் குறிக்கும். அதே எழுத்துகள் பிரெஞ்சில் ரயில் நிலையம்! பின்னது நகைப்போடு போகும். முன்னது மீட்புப் படையை எந்த வழியில் அனுப்புவது என்ற பேச்சில் வந்தால் என்னவாகும்?

1999 மார்ச் 24 அன்று மோன்பிளான் சாலைச் சுரங்கத்தில் லாரி ஒன்று தீப்பற்றி 39 உயிர்கள் பலியாயின. அதற்கு மொழியைக் காரணம் கூறுவது நியாயமாகாது. ஆயினும் 11.6 கிலோமீட்டர் பாதையை இரு நாட்டு நிறுவனங்கள் பாதி பாதியாக நடத்தியதும், அவற்றிடையே ஒருங்கிணைப்புக் குறைந்திருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. பின்னர் நிர்வாகம் ஒன்றாக்கப்பட்டது. இத்தகைய இடத்தில் சொல்லைத் துல்லியமாகக் கடத்துபவர் அலங்காரத்திற்கு அமர்த்தப்படுபவர் அல்லர்.

அத்தகையவரை எங்கே தேடுவது? இரு மொழிகளும் ஆட்சிமொழிகளாக உள்ள அவோஸ்தாப் பள்ளத்தாக்கில் ஆட்கள் மலிவாகக் கிடைப்பர் என்பார் சிலர். பேச்சுவழக்கு வேறு, பாறையியல் வேறு. நம் பொறியாளரே பேசட்டும் என்பார் வேறு சிலர். கலைச்சொல் அவருக்குத் தெரியும், உண்மை. ஆனால் கேட்டுக்கொண்டே பேசும் பயிற்சி இராது. மேலும் அவர் ஒரு தரப்பின் ஊழியர். பிரெஞ்சு மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் பட்டியலில் உள்ளவர்கள் நீதிமன்றத்திற்கு ஏற்றவர்கள்; இயந்திரம் அறிவார்களா என்று தனியே விசாரிக்க வேண்டும்.

1953இல் தோன்றிய பன்னாட்டு மாநாட்டு மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் தொடங்குவதே நலம். ஒவ்வொருவருக்கும் எது தாய்மொழி, எதில் பேசுவார், எதைக் கேட்டு விளங்கிக்கொள்ள மட்டும் வல்லவர் என்பது அதில் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பதைவிட, இத்துறையில் அண்மையில் எங்கே பணியாற்றினீர், நீர் தொகுத்த சொற்பட்டியலைக் காட்ட இயலுமா என்று கேட்பது பயன்தரும்.

தேடிக் கண்டபின் பலர் ஒரு கஞ்சத்தனம் செய்வர். வரைபடங்களை முந்தைய நாள் இரவில் அனுப்புவர். இரு வாரம் முன்னரே கொடுத்தால்தானே படிக்க இயலும்? இரகசியம் கசியும் என்ற அச்சம் வேண்டாம். அதைக் காப்பது அச்சங்கத்தின் விதியாகும். ஒருவர் போதாதா என்று பேரம் பேசுவதும் உண்டு. கூண்டினுள் இருவர் ஏறத்தாழ அரைமணிக்கொருமுறை மாறி மாறிப் பேசுவர். பேசாதிருப்பவர் சும்மா இருப்பதில்லை. செவியில் விழும் எண்களையும் அரிய சொற்களையும் தாளில் குறித்து, தோழர்பால் நகர்த்திக்கொண்டிருப்பார்.