இரண்டு ஓட்டு சொல்லும் பாடம் எது?



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஸ்காட்லாந்தில் ஒருவர் வெறும் 2 ஓட்டில் ஜெயித்தார். ஒவ்வொரு ஓட்டும் எவ்வளவு முக்கியம் பாருங்கள்!" என்று. கீழே வரிசையாகக் கும்பிடும் கைதட்டலும். செய்தி உண்மைதான். அதிலிருந்து எடுத்த பாடம்தான் தவறு. இத்தனை வருடம் கணக்கு நடத்தியவனால் பேசாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அந்தத் தொகுதியின் பெயர் வடகிழக்கு ஃபைஃப். கோல்ஃப் விளையாட்டுக்கும் பழைய பல்கலைக்கழகத்துக்கும் பேர்போன செயின்ட் ஆண்ட்ரூஸ் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் தொகுதி. 1987 முதல் 2015 வரை லிபரல் டெமாக்ரட் கட்சியின் மென்சீஸ் கேம்பல் வைத்திருந்த இடம். 2015இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, அதாவது எஸ்.என்.பி., அதைப் பிடித்தது.

2017 ஜூன் 8 தேர்தல் முடிவை அப்படியே எழுதுகிறேன். எஸ்.என்.பி.யின் ஸ்டீபன் கெத்தின்ஸ் 13,743. லிபரல் டெமாக்ரட் எலிசபெத் ரிச்சஸ் 13,741. கன்சர்வேட்டிவ் 10,088. தொழிற்கட்சி 4,026. இன்னொருவர் 224. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துத்தான் முடிவை அறிவித்தார்கள்.

மொத்தம் 41,822 ஓட்டு. எல்லோர் கண்ணும் அந்த 2 மேலேயே நிற்கிறது. நான் உங்களை வேறு கழித்தல் போடச் சொல்கிறேன். 41,822இல் 13,743 போனால் மீதி 28,079. அதாவது நூற்றுக்கு 67 பேர் வேண்டாம் என்று சொன்னவர் எம்.பி. ஆனார். ரிச்சஸ் ஜெயித்திருந்தாலும் இதே 67தான். ஆகவே இது கெத்தின்ஸ் மேல் சொல்லும் குறை இல்லை, முறையின் குறை. கூட்டத்தில் யாருக்கு ஒரு ஓட்டு அதிகமோ அவருக்கே முழுத் தொகுதியும், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்ற முறை.

அடுத்த தேர்தலைப் பாருங்கள். 2019 டிசம்பரில் அதே கெத்தின்ஸ் 18,447 ஓட்டு வாங்கினார். முன்பைவிட 4,704 அதிகம். தோற்றுப்போனார்! லிபரல் டெமாக்ரட் வெண்டி சேம்பர்லின் 19,763 வாங்கி ஜெயித்தார். 13,743 வாங்கியபோது பாஸ், 18,447 வாங்கியபோது பெயில். நான் இப்படி விடைத்தாள் திருத்தியிருந்தால் உங்கள் அப்பா அம்மா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றிருப்பார்கள்.

இடையில் என்ன நடந்தது? கன்சர்வேட்டிவ் ஓட்டு 10,088இலிருந்து 5,961 ஆனது. தொழிற்கட்சி 4,026இலிருந்து 1,707 ஆனது. இரண்டும் சேர்ந்து 6,446 குறைவு. லிபரல் டெமாக்ரட்டுக்கு 6,022 கூடுதல். யார் ஓட்டு எங்கே போனது என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று புரிகிறதல்லவா? பிடித்தவருக்குப் போடாமல், பிடிக்காதவரைத் தடுக்கப் போடுவது. "இங்கே ஜெயிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர், உன் ஓட்டை வீணாக்காதே" என்ற பிரசாரம். நாம் இங்கே "ஓட்டைப் பிரிக்காதே" என்று கேட்கிறோமே, அதே வசனம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். இந்தியர்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவில் அங்கே வசித்து, 18 வயது நிறைந்தால், பெயர் பதிந்து அந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஸ்காட்லாந்தில் இருக்கும் நம் மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "ஐயா, எனக்குப் பிடித்த கட்சிக்குப் போட்டால் வீண் என்கிறார்கள். பிடிக்காத கட்சிக்குப் போட்டால்தான் என் ஓட்டுக்கு மதிப்பா?" அந்தப் பிள்ளைக்கு "ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்" என்று ஃபார்வர்டு அனுப்பினால் போதுமா?

ஒரு தொகுதியை விடுங்கள், ஸ்காட்லாந்து முழுக்கப் பாருங்கள். 2015இல் எஸ்.என்.பி. பாதி ஓட்டு வாங்கியது, 59 இடத்தில் 56ஐ அள்ளியது. 24 சதவீதம் வாங்கிய தொழிற்கட்சிக்கு ஒரே ஓர் இடம். 2024இல் தலைகீழ். எஸ்.என்.பி. 30 சதவீதம் வாங்கியும் 57இல் 9 இடம்தான். தொழிற்கட்சிக்கு 35 சதவீதம், 37 இடம். ஓட்டில் வித்தியாசம் ஐந்து சதவீதம், இடத்தில் வித்தியாசம் நான்கு மடங்கு! "அமோக வெற்றி", "படுதோல்வி" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மக்கள் மனம் அவ்வளவு மாறவில்லை. இந்த முறைதான் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறது.

"ஒரு தொகுதிக்கு ஒரு எம்.பி. இருந்தால்தான் கேட்க ஆள் இருக்கும், நிலையான ஆட்சி வரும்" என்று சிலர் வாதிடுவார்கள். பதிலும் ஸ்காட்லாந்திலேயே இருக்கிறது. 1999 முதல் எடின்பரோவில் அவர்களுக்கெனத் தனி நாடாளுமன்றம். அதற்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. தொகுதி உறுப்பினர் 73 பேர், ஓட்டு விகிதத்தைச் சரிக்கட்ட வருபவர் 56 பேர். கேட்க ஆளும் உண்டு, கணக்கும் ஓரளவு நேராகும். 2011இல் எஸ்.என்.பி. 129இல் 69 பெற்றுத் தனித்தே ஆட்சி அமைத்ததும் இதே முறையில்தான். உள்ளாட்சித் தேர்தலில் 2007 முதல் இன்னொரு முறை. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போடுவார்கள். ஒரு வார்டுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பேர். உங்கள் முதல் ஆள் வரவில்லையென்றால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும்.

அதே வாக்காளர் உள்ளாட்சிக்கு ஒரு முறையிலும், எடின்பரோவுக்கு ஒரு முறையிலும் தன் மனதில் உள்ளபடி போடுகிறார். லண்டனுக்குப் போடும்போது மட்டும் மனதை மறைக்க வேண்டியிருக்கிறது.

"2011இல் வாக்கெடுப்பு வைத்து மக்களே மாற்றத்தை நிராகரித்தார்களே" என்றும் சொல்வார்கள். உண்மை, 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் அன்று கேட்டது விகிதாசார முறை வேண்டுமா என்று அல்ல. ஒரு தொகுதிக்கு ஒரே எம்.பி., ஆனால் வரிசை எண் போடலாமா என்றுதான். கேட்காத கேள்விக்கு வந்த பதில் என்று அதைக் காட்டக் கூடாது.

இரண்டு ஓட்டில் மோதிய அந்த இரண்டு கட்சிகளுமே முறையை மாற்ற வேண்டும் என்றுதான் சொல்கின்றன. 2015இல் 56 இடம் அள்ளிய எஸ்.என்.பி.யும் சேர்த்துத்தான். மாற்றும் அதிகாரம் லண்டனில். அங்கே பெரும்பான்மை பிடித்தவர்கள், தங்களை ஏற்றிவிட்ட ஏணியை மாற்றுவார்களா?

நாமும் வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிய அதே முறையில்தான் ஓட்டுப் போடுகிறோம். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வுக்கு 44 சதவீத ஓட்டு, 39இல் 37 இடம். தி.மு.க.வுக்கு 23 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, ஓர் இடமும் இல்லை. நான் எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை. கட்சிப் பெயர்களை மாற்றிப் போட்டாலும் என் கணக்கு மாறாது.

ஓட்டுப் போடாதீர்கள் என்று யாரும் அர்த்தம் எடுக்க வேண்டாம். கட்டாயம் போடுங்கள். ஆனால் ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று வாக்காளருக்குப் பாடம் நடத்தும் முன், ஒவ்வொரு ஓட்டையும் கணக்கில் எடுக்கும் முறையைக் கேளுங்கள். அந்த 2 ஓட்டைக் கொண்டாடுகிறவர்கள் 28,079 பேருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கமெண்டில் தாராளமாக எழுதுங்கள். எண்களோடு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்