கண்ணைக் குத்தும் வெள்ளை வெளிச்சம்

வெள்ளிக்கிழமை மாலை திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் நின்றால், தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட கார்கள் வரிசையாகத் தெற்கே திரும்புவதைப் பார்க்கலாம். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் வேலை பார்க்கும் மார்த்தாண்டத்துக்காரர்களும் நாகர்கோவில்காரர்களும் வார இறுதிக்கு ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. ஆக்குளம், ஈஞ்சக்கல், திருவல்லம் வழியாகக் காரோடு வரை நாலுவழிப் புறவழிச்சாலை. நடுவில் தடுப்பு இருப்பதால் அதுவரை முகப்பு விளக்கைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. மாநில எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிப் பழைய சாலையில் ஏறியதும்தான் எதிரே வரும் ஒவ்வொரு வண்டியும் கண்ணைப் பறிக்கிறது. திங்கட்கிழமை அலுவலகத்தில் பேச்சு இப்படித்தான் ஓடும்: "நம்ம வண்டில லைட்டே பத்தல, எல்இடி மாத்திரணும்."

குறை நியாயமானது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை குறைந்த மாடல்களில் பலவற்றுக்கு இன்றும் எச்-4 ஹாலஜன் பல்புதான்: டிம்மில் 55 வாட், பிரைட்டில் 60 வாட். சில வருடம் வெயிலில் நின்ற காரின் பாலிகார்பனேட் முகப்பு மஞ்சளித்து மங்கிவிடும். கனெக்டர் துருப்பிடித்து வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் ஹாலஜனின் வெளிச்சம் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். மங்கலுக்குக் காரணம் எதுவானாலும் கடையில் வைத்தியம் ஒன்றுதான். "போட்டுப் பாருங்க சார், ராத்திரி பகல் மாதிரி ஆயிடும்" என்று ஒரு ஜோடி எல்இடி பல்பை எடுத்துக் காட்டுவார்கள். அட்டையில் இருபதாயிரம் லூமென் என்றிருக்கும். கம்பெனி எச்-4 பல்பு டிம்மில் தருவதே ஆயிரம் லூமென் அளவில்தான்.

எச்-4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். அதில் டிம் இழைக்குக் கீழே மட்டும் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் தாங்கி நிற்கும். அந்த இழையின் வெளிச்சம் விளக்குக் கூட்டின் கீழ்ப்பாதியில் பட்டு மேலெழும்பாமல் மறைப்பது அதன் வேலை. சுவரில் டிம் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு விழுகிறதே, அதற்குக் காரணம் இந்தக் கிண்ணம்தான். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடதுபுறம் மட்டும் சற்றே உயர்ந்து நடைபாதையையும் பெயர்ப்பலகையையும் காட்டும். வலதுபுறம், எதிரில் வருபவர் இருக்கும் பக்கம், தாழ்ந்தே இருக்கும். பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் இழை இன்ன இடத்தில், இன்ன நீளத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு வார்க்கப்பட்டது. மாற்று எல்இடி பல்பில் இழை கிடையாது. தட்டையான தகட்டின் இரு புறமும் சில்லுகள் ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும், தகடு கொஞ்சம் திரும்பி நின்றாலும் அந்தக் கோடு கலைந்துவிடும். வெளிச்சம் கூடுகிறது, போகவேண்டிய இடத்துக்குப் போவதில்லை.

ஓட்டுபவருக்குச் சந்தோஷம் மட்டும் நிச்சயம் கிடைக்கும். பானட்டுக்கு முன்னால் பத்திருபது மீட்டர் வெள்ளைவெளேரென்று இருக்கும். ஆனால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்வதால், 80 மீட்டருக்கு அப்பால் சாலையோரம் நடந்து வருகிறவர் முன்பைவிட இருட்டுக்குள் போய்விடுகிறார். விளக்கின் செறிவை இரட்டிப்பாக்கினாலும் பார்வைத் தூரம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. இது இயற்பியல், எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. மழையில் நிலைமை இன்னும் மோசம். ஜூன் தொடங்கிவிட்டால் திருவனந்தபுரத்துச் சாலை பாதி நாள் ஈரம். நனைந்த தார் கண்ணாடிபோல வெளிச்சத்தை முன்னோக்கித் தள்ளிவிடும். நமக்குத் திரும்பி வருவது கொஞ்சம், எதிரே வருபவர் கண்ணில் இறங்குவது அதிகம்.

வாட் கூடிய ஹாலஜன் போடுவது பழைய வழி. 100/90 என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு 60 வாட் பல்புகள் 10 ஆம்பியர் இழுக்கும். இரண்டு 100 வாட் பல்புகள் ஏறக்குறைய 17 ஆம்பியர். வயரில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் அது 2.8 மடங்கு. ரிலேயும் பீங்கான் ஹோல்டரும் இல்லாமல் இதைப் போட்டு, பிளாஸ்டிக் ஹோல்டர் உருகி, கருகிய வாடை அடித்த பிறகு எலக்ட்ரீஷியனிடம் ஓடியவர்கள் ஏராளம். எல்இடியில் வயர் தப்பும். ஆனால் பின்னால் விசிறியும் வெப்பத்தகடும் நீட்டிக்கொண்டிருப்பதால் ரப்பர் மூடி சரியாக மூடாது. சில கடைகளில் மூடியை வெட்டியே விடுகிறார்கள். கடலோர ஈரக்காற்றும் மழையும் உள்ளே புகுந்து, ஆறு மாதத்தில் விளக்குக் கூட்டுக்குள் பனி படர்ந்து நிற்கும். எஃப்எம் ரேடியோ கரகரப்பது இலவச இணைப்பு.

இவையெல்லாம் மாற்றியவரின் சொந்த நஷ்டம். எதிரே வருபவர் கணக்கு வேறு. தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் டிம் விளக்கு ஒரு சதவீதம் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தால், அதன் மேல்விளிம்பு 70 மீட்டரில் தரையைத் தொடும். அதே விளக்கு ஒரே ஒரு டிகிரி நிமிர்ந்தால் 60 மீட்டர் தொலைவில் அந்த விளிம்பு ஒன்றே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, எதிரே கார் ஓட்டுபவரின் கண் மட்டத்துக்கு, ஏறிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண் கூசினால் வண்டி 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம். வயதானவர்களுக்கு அந்த இரண்டு நொடி போதாது. அறுபதைத் தாண்டிய, புரை தொடங்கிய கண்ணுக்குள் வெளிச்சம் சிதறிப் பார்வை முழுக்கவே வெண்திரை விழும். கண் கூசிய அந்த ஓட்டுநர் என்ன செய்கிறார்? அடுத்த வாரம் அவரும் பல்பு மாற்றுகிறார். இந்தப் போட்டியில் எவரும் முன்னைவிட நன்றாகப் பார்ப்பதில்லை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அரை மீட்டர் வலப்புறம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று அளவு போட்டே சொல்கிறது. தயாரிப்பாளர் வடிவமைத்ததை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து ஒன்று கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். வேகம்தான் விபத்தின் காரணம். ஆனாலும் அதன்பிறகு கேரள உயர் நீதிமன்றம் பேருந்துகளின் வண்ண விளக்குகளையும் கண்கூசும் விளக்குகளையும் கையிலெடுத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவை அது அழுத்திச் சொன்னதில் தவறு காண முடியாது.

அபராதம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி. அதே 182ஏ பிரிவு உரிமையாளரைத் தவிர வாகனத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், வாகன விற்பனையாளர் ஆகியோரைப் பெயர் சொல்லிப் பிடிக்கிறது. சாலையோர ஆக்சஸரி கடையின் பெயர் அதில் இல்லை; முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகம் என்று அறிவிக்கப்பட்டதை விதிக்கு மாறாக விற்றால் மட்டும் விற்பவரைப் பிடிக்கலாம். 'பொதுச் சாலையில் பயன்படுத்த அல்ல' என்று அட்டையில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் கடைக்காரர் தன் பொறுப்பு தீர்ந்ததாக நினைக்கிறார். பொதுச் சாலையைத் தவிர அந்தக் காரை வேறு எங்கே ஓட்டுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மனி வேறு வழியில் போனது. 2020-இல் மாற்று எல்இடி பல்புக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தபோது, எந்தெந்தக் கார் மாடலின் விளக்குக் கூட்டில் வைத்துச் சோதித்தார்களோ அந்த மாடல்களுக்கு மட்டும் அனுமதி என்று பட்டியல் போட்டார்கள். பல்பும் கூடும் சேர்ந்ததுதான் விளக்கு என்பதை ஏற்றுக்கொண்ட விதி அது.

பிடிப்பதற்கும் கருவி இல்லை. 2023 ஜூனில் கேரளம் 726 கேமராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கியது. அவற்றில் பெரும்பாலானவை தலைக்கவசத்தையும் சீட் பெல்ட்டையும் கைப்பேசியையும் பார்க்கின்றன. கண்கூசும் விளக்கு அவற்றின் கணக்கிலேயே இல்லை. எல்லைக்கு இந்தப்பக்கம் நம் தமிழ்நாட்டுப் போலீஸார் செய்வது இன்னும் எளிய வைத்தியம்: வண்டிகளை நிறுத்தி முகப்பு விளக்கின் நடுவில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர். செய்தித்தாளில் படம் வர அது உதவும். மேலே போகும் வெளிச்சத்தோடு சாலைக்குப் போகவேண்டிய வெளிச்சத்தையும் அது மறைக்கிறது. மங்கலான விளக்கோடு தவிக்கும் உரிமையாளர் நேரே போவது பல்புக் கடைக்குத்தான்.

இத்தனைக்கும் பெரும்பாலும் எல்இடிக்கு மாற வேண்டியதே இல்லை. ஸ்டீயரிங்குக்கு அருகில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னத் திருகு ஒன்று பல கார்களில் இருக்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை என்று ஊருக்குக் கிளம்பும்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிரும். விளக்கும் கூடவே நிமிரும். அதை இறக்கத்தான் அந்தத் திருகு. வண்டி வாங்கிய நாளிலிருந்து அது 0-விலேயே இருக்கும் கார்கள்தான் அதிகம். மஞ்சளித்த முகப்பைப் பாலிஷ் போடுவது, துருவைச் சுத்தம் செய்வது, அதே 60/55 வாட்டில் வரும் தரமான பல்பு, சுவரில் கோடு பார்த்து சாய்வைச் சரிசெய்வது ஆகிய நான்கும் சேர்ந்தால் பெரும்பாலானவர்களின் குறை தீர்ந்துவிடும். செலவும் எல்இடி ஜோடியைவிடப் பெரிதாகக் கூடாது.

அரசு செய்யவேண்டியதும் ஒன்று இருக்கிறது. சொந்தக் காருக்கு முதல் பதினைந்து வருடம் தகுதிச் சோதனை கிடையாது. அதுவரை அதன் விளக்கை எந்த அதிகாரியும் அளந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் மின்சாரக் கார்களைத் தவிர, ஒரு வருடத்தைத் தாண்டிய எல்லாக் கார்களும் புகைச் சான்றிதழுக்காக வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு நிலையத்தில் நின்றாக வேண்டும். அங்கே ஒளிக்கற்றையின் சாய்வை அளக்கும் பெட்டி ஒன்றை வைத்தால் ஐந்து நிமிட வேலை. லென்ஸும் அளவுகோலும் பொருத்திய, தள்ளுவண்டிபோல நகரும் எளிய சாதனம்தான் அது. கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து கழக்கூட்டத்திலிருந்து நாகர்கோவில் வரையுள்ள நிலையங்களில் இதை முதலில் வைத்துப் பார்க்கலாம். முதல் வருடம் அபராதம் வேண்டாம். சாய்வு சரியில்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, அங்கேயே ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்து அனுப்பினால் போதும். கருவிக்கான செலவை நிலையம் நடத்துபவர் தலையில் கட்டினால் திட்டம் முதல் மாதமே படுத்துவிடும். சாலைப் பாதுகாப்பு நிதி இரு மாநிலங்களிலும் இருக்கிறது, அதிலிருந்து எடுக்கலாம்.