பதறாத உயிரணு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் புதுவையில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழும்: "பெண்ணுக்கு எந்தக் குரூப்?" பதிலும் ஆயத்தமாக இருக்கும். ஆனால் பதில் சொல்பவர் அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். படிக்கப் போகும் நாங்கள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். இது முறைதானா? உயிரியல் காட்டும் ஓர் உண்மையை இங்கே நினைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

பாலூட்டிகளின் கருவில், தொடக்க நாட்களில், எந்த உறுப்பாகவும் மாறவல்ல உயிரணுக்கள் உள்ளன. அவை இரத்தமாகலாம், நரம்பாகலாம், இதயத் தசையாகலாம். இவற்றை எலியின் கருவிலிருந்து பிரித்து வளர்க்கும் வழியை 1981-இல் இங்கிலாந்தில் மார்ட்டின் எவன்ஸ், மாத்யூ காஃப்மன் ஆகியோரும், அமெரிக்காவில் கெயில் மார்ட்டின் என்ற பெண் அறிஞரும் கண்டனர்.

அந்த எலி உயிரணு அவசரப்பட்டு மாறிவிடாமல் காப்பவை சில புரதங்கள். 'லிஃப்' என்னும் புரதம் வெளியிலிருந்து செய்தி கொண்டுவரும். உள்ளே 'ஸ்டாட்-3' என்னும் புரதம் அதனால் தூண்டப்பட்டு, உட்கருவுக்குள் சென்று, "இன்னும் மாறாதே" என்னும் கட்டளையைச் சேர்க்கும். இந்தத் தூண்டலுக்குத் துணைநிற்கும் மற்றொரு புரதத்திற்கு 'அஸ்ரிஜ்' என்று பெயர். வடமொழியில் இதற்குக் குருதி என்பது பொருள். இதை ஆராய்ந்தவர்கள் வெகுதொலைவில் இல்லை; பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தார் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினருமே. அஸ்ரிஜ் குறைந்தால் எலியின் உயிரணுக்கள் எதுவாகவும் ஆகும் ஆற்றலை இழக்கின்றன என்று 2013-இல் அவர்கள் வெளியிட்டனர். பழ ஈயிலோ, இரத்த அணுக்களாக வேண்டியவை காலத்துக்கு முன்பே முதிர்ந்துவிடுகின்றன.

அந்த உயிரணு என்றென்றும் அப்படியே இருப்பதில்லை. தக்க செய்தி வந்ததும் தன் வேலையை ஏற்கிறது. நாங்களும் முடிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டணம், தொலைவு, பாதுகாப்பு பற்றிய பெற்றோரின் கவலை பொய்யன்று என்பதையும் அறிவோம். மனிதரின் வாழ்வு ஓர் உயிரணுவின் வாழ்வுமன்று. ஆயினும் காலத்துக்கு முந்திய முதிர்ச்சி வளர்ச்சியாகாது என்பது எங்கள் கருத்து.

ஆகவே, அன்புப் பெற்றோரே, முடிவு வந்த அன்றே குரூப்பைத் தீர்மானிக்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். எங்கள் அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் கலந்து பேசுங்கள். எங்களையும் கேளுங்கள். பதறாத காரியம் சிதறாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள்தாமே!