குருதிக்கு ஆங்கிலம் தெரியுமா?

“உயிர்வேதியியலைத் தமிழிற் படித்தால் மருத்துவ ஆய்வகத்தில் வேலை கிடைக்குமா? ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?” என்று வினவுகின்றனர், தம்மை அறிவாளர் எனக் கருதிக்கொண்டிருப்போர். அவர்களை நாம் திருப்பிக் கேட்போம்: அத்துறை ஆங்கிலத்திலா பிறந்தது?

குருதியின் செந்நிறப் பொருளுக்கு 1864-இல் ஈமோகுளோபின் என்று பெயரிட்ட ஓப்பே செய்லர் செருமானியர். அவர்தம் தூபிங்கன் ஆய்வகத்தில், புண்கட்டுத் துணியின் சீழினின்று உயிரணுக் கருவின் பொருளை 1869-இல் பிரித்தெடுத்த மீசர் சுவிட்சர்லாந்து நாட்டார். அதனைச் செருமன் மொழியிலேயே எழுதி வெளியிட்டார். உயிருள்ள ஈசுட்டு இன்றியும், அதனைப் பிழிந்த சாற்றாலேயே நொதித்தல் நிகழும் என 1897-இல் காட்டிய புக்நரும் செருமானியரே. அன்று ஆங்கில அறிஞனும் செருமன் கற்றான். ஆயினும் தன் மாணாக்கனுக்கு ஆங்கிலத்தில்தான் பாடஞ் சொன்னான். பிறமொழியறிவு வேறு, பயிற்றுமொழி வேறு. இவ்வேறுபாடு வெள்ளையனுக்குத் தெரிந்தது. நம் பல்கலைக்கழகத்தார்க்குத் தெரியவில்லை!

தமிழில் இயலாது என்பீராயின், ஈழத்தை நோக்குங்கள். மானிப்பாயில் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1860-களிலேயே தமிழில் மருத்துவங் கற்பித்தார். 1875-இல் வேதியியல் நூலொன்றும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. (அதற்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டது நமக்கு உவப்பன்று, அது கிடக்கட்டும்.)

இன்று மேனிலைப்பள்ளி வேதியியல் நூலில் புரதமும் நொதியும் தமிழில் விளக்கப்படுகின்றன. அதனைக் கற்றுத் தேறிய சிற்றூர்ப் பிள்ளை கல்லூரியில் நுழைந்தவுடன், தெரிந்ததையே தெரியாதவனாகி விழிக்கின்றான். நொதி வினையை எவ்வாறு விரைவுபடுத்துகின்றது எனத் தமிழிற் கேட்டால் விடை சொல்வான். தேர்வுத்தாளிலோ ஆங்கிலத் தொடரை நெட்டுருச் செய்து கொட்டுகின்றான். நெட்டுருவினின்று ஆராய்ச்சி எங்ஙனம் பிறக்கும்?

இனி, அவன் வேலைக்குப் போகும் ஆய்வகம். குருதி எடுப்பது தமிழச்சியின் கையில். முடிவு தருவது ஆங்கிலத்தில்! ‘கிரியாட்டினின்’ மிகுந்துள்ளது என்று தாள் சொல்கின்றது. (அச்சொல்லின் வேர் ஊனைக் குறிக்கும் கிரேக்கச் சொல், ஆங்கிலேயனுக்கும் அது கடன்தான்.) தசையில் உண்டாகும் அக்கழிவைச் சிறுநீரகம் வெளியேற்ற மாட்டாமையால் அது குருதியில் தேங்குகின்றது என்று அத்தாய்க்கு எடுத்துரைப்பவர் யார்? தாளை முந்தானையில் முடிந்துகொண்டு போய் மருந்துக்கடைப் பையனிடம் நீட்டுகின்றாள்.

ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பியுங்கள்; மறுக்கவில்லை. பாடமும் தேர்வும் தமிழில் நடக்கட்டும். உயிர்வேதியியல் ஆய்வேட்டையும் தமிழில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆய்வகத் தாளில் எண்ணுக்கு எதிரே அதன் பொருள் தமிழில் அச்சாகட்டும். கணிப்பொறி அச்சிடும் தாளில் தமிழெழுத்தை ஏற்றுவது இன்று எத்தனை நாழிகை வேலை?