பாட்டு அட்டவணையும் சாஃப்ட்வேர் மோகமும்

"வீட்டில் இருக்கிற பாட்டையெல்லாம் ஒழுங்காக அட்டவணை போடணும், எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?" இப்படிக் கேட்காத ஆளே இல்லை. தப்பு அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடுகிறது!

பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு மாதம் டவுன்லோடு, இன்ஸ்டால், அன்இன்ஸ்டால். எதில் ஆல்பம் படம் அழகாகத் தெரிகிறது, எதில் ஐந்து நட்சத்திரம் போடலாம் என்று ஆராய்ச்சி. கடைசியில் சாஃப்ட்வேர் ரெடி, அட்டவணை பூஜ்யம்.

முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்த வீட்டில் யார், எதைச் சொல்லிப் பாட்டைத் தேடுவார்கள்? மாங்காட்டில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி "அம்மன் பாட்டு போடுப்பா" என்பார். அப்பாவுக்குப் படமும் இசையமைப்பாளரும் முக்கியம். அம்மாவுக்குப் பாடகர். பாட்டு கிளாஸ் போகும் தங்கைக்கு ராகம். ஒரே பாட்டுக்கு நாலு வாசல்! ஆனால் சாஃப்ட்வேர் முதலில் நீட்டுவது "ஆர்ட்டிஸ்ட்" என்ற ஒற்றைப் பெட்டியைத்தான். அதில் யாரை எழுதுவது? எஸ்.பி.பி.யையா, இளையராஜாவையா, வைரமுத்துவையா? ஆளுக்கொரு மாதிரி நிரப்ப, ஒரே இளையராஜா மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று பேராகிவிடுகிறார்.

குறை அடித்தளத்திலேயே இருந்தது. எம்.பி.3 கோப்புக்குள் விவரம் எழுதும் ஐடி3 முறை 1996இல் வந்தபோது, பாட்டின் பெயருக்கு ஒதுக்கிய இடம் 30 பைட். யூ.டி.எஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். பத்துக் குறியோடு கதை முடிந்தது. இசை வகைகள் என்று 80 பெயர்கள் இருந்தன, கர்னாடக இசை அதில் இல்லை. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனி இடம் கொடுத்தது. பயன்படுத்துகிறவரே புதுப் பெட்டி உண்டாக்கவும் வழி வைத்தது. ராகத்தை அங்கே எழுதலாம். எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

இத்தனைக்கும் தமிழில் இது புதுசே இல்லை. தேவாரத்தைப் பாருங்கள். 700க்கும் மேற்பட்ட பதிகங்கள். திருமுறைத் தொகுப்பில் சம்பந்தர், சுந்தரர் பாடல்கள் பண் வாரியாக இருக்கின்றன. அதையே கோயில் வாரியாக அடுக்கினால் தலமுறை. பெரியபுராணத்தைப் பின்பற்றி, பாடியவர் வாழ்க்கையில் எது முன், எது பின் என்று அடுக்கினால் வரலாற்று முறை. பாட்டு ஒன்று, அடுக்கு மூன்று! அந்தப் பெரியபுராணத்தைப் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூர், மாங்காட்டுக்குப் பக்கத்து ஊர்தான்.

"எதுக்கு இந்தத் தொல்லை, எல்லாம்தான் நெட்டில் இருக்கே?" என்பவர்கள் உண்டு. சினிமாப் பாட்டுக்கு அது பெரும்பாலும் சரி. பரணில் கிடக்கும் கேசட்டுக்கு? கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம், ரேடியோவிலிருந்து பிடித்த கச்சேரி, அத்தை பாடிய நலங்குப் பாட்டு... இதையெல்லாம் எந்தக் கம்பெனி தேடி வந்து ஏற்றி வைக்கும்? சொந்தமாக ஏற்றி வைத்தாலும் நிம்மதி இல்லை. 50,000 பாடல் வரை ஏற்றிக்கொள்ள இடம் தந்த கூகுள் ப்ளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. யூட்யூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் தந்தார்கள், உண்மைதான். கவனிக்காமல் விட்டவர்களின் தொகுப்பு போனது போனதுதான். சி.டி.க்களின் விவரத்தை இலவசமாகத் தந்துகொண்டிருந்த ஃப்ரீடிபியும் அதே வருடம் மூடப்பட்டது.

ஆகவே எந்த சாஃப்ட்வேருக்கும் மூன்றே சோதனை. எழுதும் விவரம் பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதிகிறதா? படம், பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், ராகம் என்று தனித்தனியாக, தமிழிலேயே எழுத முடிகிறதா? மொத்தப் பட்டியலையும் எக்செல்லில் திறக்கிற மாதிரி வெளியே எடுக்க முடிகிறதா? விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக் மூன்றிலும் தேறும். தேறுகிற வேறு எதுவானாலும் சரி. தேறாதது எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

கேசட்டுகளுக்கு இந்த சோதனைகூட இப்போதைக்கு வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கேசட்டுக்கு ஒரு நம்பர், அதற்கு நேராக யார் பாடியது, எங்கே, எந்த வருடம். அட்டையில் "ஏ சைடு - கச்சேரி" என்று மட்டும்தான் இருக்கும். வாசித்தது யார் என்று தெரிந்தவர் வீட்டில் பெரும்பாலும் ஒருவர்தான், அவருக்கும் வயதாகிவிட்டது. சாஃப்ட்வேர் அடுத்த வருடமும் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.